பிள்ளையின் முழங்கை வீங்கினால் நீவாதீர்கள்

ஓடும்போதோ ஊஞ்சலிலோ தவறி விழும் பிள்ளை கையை ஊன்றித்தான் விழும். ஐந்து முதல் ஏழு வயதில் முழங்கைப் பக்கம் முறிந்தால், அது பெரும்பாலும் மூட்டுக்குச் சற்று மேலேதான் இருக்கும். எலும்பின் அமைப்பு அப்படி.

மேற்கை எலும்பான ஹியூமரஸ் கீழே வர வரத் தட்டையாகும். அதன் முன்னும் பின்னும் ஒவ்வொரு குழி உண்டு. கையை நீட்டும்போது, நாம் மேசையில் ஊன்றும் முழங்கை முனை, அதாவது முன்கை எலும்பான அல்னாவின் மேல்முனை, பின்குழியில் போய் அமரும். இரு குழிகளுக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய தகடு. சிலருக்கு அந்த இடத்தில் ஓட்டையே இருக்கும். விறைப்பாக நீட்டிய கை தரையில் மோதினால் அல்னா முனை பின்குழியில் நெம்பி, அந்த இடத்தை முறிக்கிறது.

முறிந்த மேல்துண்டின் கூர்முனை முன்பக்கம் தள்ளி வரும். கைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியும் நடு நரம்பும் ஓடுவது அங்கேதான். அந்த நிலையில் எண்ணெய் போட்டு நீவினால் கூர்முனை இன்னும் குத்தும். மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினாலோ, வீங்கும் முன்கைத் தசைக்கு இரத்தம் நின்றுபோகும். ஆறு மணி நேரத்துக்குள் தசை சாகத் தொடங்கிவிடும். பிறகு விரல்கள் கொக்கிபோல் மடங்கியே நிற்கும். இறுக்கமான கட்டுகளால் வரும் இந்தக் கேட்டை 1881இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் விவரித்தார். மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டும் இறுகினால் இதே கதிதான்.

மருந்து கொடுத்தும் வலி ஏறுகிறதா, மடங்கிய விரலை மெல்ல நிமிர்த்தினால் பிள்ளை அலறுகிறதா என்று பாருங்கள். இவை இருந்தால் காத்திருக்க வேண்டாம், கட்டைத் தளர்த்த உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். நாடி தெரிகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். தசை செத்துக்கொண்டிருக்கும்போதும் நாடி துடிக்கலாம். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் நுனியோடு நுனி சேர்த்து வட்டம் போட முடியவில்லை என்றால், நடு நரம்பின் கிளை அடிபட்டிருக்கலாம்.

கை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே அட்டையை வைத்துத் தளர்வாகக் கட்டி அழைத்து வாருங்கள். மடக்கிப் பார்க்காதீர்கள். மயக்க மருந்து தேவைப்படலாம், ஆகவே சாப்பிடக் குடிக்க எதுவும் தரவேண்டாம்.

எக்ஸ்ரேயிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த வயதில் முழங்கையின் பெரும்பகுதி குருத்தெலும்பு, படத்தில் தெரியாது. எலும்பாகும் புள்ளிகள் ஆறும் ஏறத்தாழ 1, 3, 5, 7, 9, 11 வயதில் ஒவ்வொன்றாகத் தோன்றும், பெண் பிள்ளைகளுக்குச் சற்று முன்பே. சந்தேகம் வந்தால் மறு கையையும் படம் எடுப்பது இதனால்தான். வீண் செலவு என்று மறுக்காதீர்கள். முழங்கையின் வெளிப்பக்கக் குமிழின் முறிவு கண்ணில் படாமல் தவறிப்போனால் எலும்பு சேராமல், பல ஆண்டுகள் கழித்துச் சுண்டுவிரல் மரத்துப்போகலாம்.

விலகிய முறிவை நேராக்கிக் கம்பி பொருத்தினால், மூன்று நான்கு வாரத்தில் கம்பியை எடுத்துவிடுவோம். அப்போது கை விறைத்திருக்கும். பிள்ளை தானாகவே விளையாடி மடக்கட்டும், நீட்டட்டும். வாளியைத் தூக்கவைப்பதும் பிடித்து இழுப்பதும் நீவுவதும் வேண்டாம். அப்படிச் செய்தால் மூட்டின் முன்னால் இருக்கும் தசைக்குள் புது எலும்பு வளர்ந்து, மடங்கும் அளவே குறைந்துவிடக்கூடும்.