தாத்தாவின் கன்னத்தில் சதை வைக்கச் சொல்லாதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்களுக்காகச் சயாம் (தாய்லாந்து)-பர்மா ரயில் பாதை போட்டுவிட்டு உயிரோடு திரும்பிய தாத்தாவின் போட்டோவைப் பெரிதாக வரைய வேண்டுமாம். "மாஸ்டர், கன்னம் ரொம்ப ஒட்டிப் போயிருக்கு. கொஞ்சம் சதை வச்சு, சிரிச்ச மாதிரி போட்டுடுங்க." இந்த வருடம் இப்படிக் கேட்கும் 4-வது ஆள் இவர். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் 20 வருடமாகப் படம் வரைகிறேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

போர் ஓவியம் என்றால் துப்பாக்கி, ரத்தம்; வீட்டில் மாட்டுவது குடும்பப் படம், அதற்கும் போருக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறார்கள். இல்லைங்க. ஸ்பெயின் ஓவியர் கோயா 1814-ல் வரைந்த 'மே 3, 1808' ஓவியத்தில் சுடுகிற சிப்பாய்களின் முகமே தெரியாது. சாகப்போகிற வெள்ளைச் சட்டைக்காரரின் முகம்தான் நம்மைப் பிடித்து நிறுத்தும். அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் 1919-ல் முடித்த முதல் உலகப் போர் ஓவியம் 'கேஸ்ட்' (Gassed) 6 மீட்டர் நீளம். விஷவாயு பட்டுக் கண்ணில் கட்டுப்போட்ட வீரர்கள், முன்னால் போகிறவர் தோளைப் பிடித்து வரிசையாக நடக்கிறார்கள். ஒருவர் மட்டும் காலைத் தேவைக்கு மேல் உயரத் தூக்குகிறார். படி எவ்வளவு உயரம் என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். என் மாணவர்களை முதலில் அந்தக் காலைத்தான் வரையச் சொல்வேன்.

சயாம் ரயில் பாதை 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கேயே செத்தார்கள். அங்கே போர்க் கைதியாக இருந்த ஆங்கிலேய ஓவியர் ரொனால்ட் சேர்ல், தான் வரைந்த படங்களைக் காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் ஒளித்துக் காப்பாற்றினார். நம் வீடுகளில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு போட்டோ. அந்தத் தாத்தாவின் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும். சட்டை தைத்தபோது அந்தக் கழுத்து அப்படி இருந்திருக்காது. நான் ரோஸ் கலர் பூசிக் கன்னத்தை நிரப்பினால் அது வேறு யாரோ ஒருவர்.

சரி, பழைய படம் கையில் இருந்தால்: போன் ஆப்பில் அழகாக்கிவிட்டு அசலைத் தூக்கிப் போடாதீர்கள். டேப் ஒட்டாதீர்கள். சமையலறைச் சுவரில் மாட்டாதீர்கள், நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். பின்பக்கம் பேனாவால் எழுதாதீர்கள். பெயர், தோட்டம், வருடத்தை ஓர் உறையில் எழுதி, படத்தை அதற்குள் வையுங்கள். பாட்டி இருக்கிறார்களா? தயவுசெய்து இன்றைக்கே கேட்டு எழுதுங்கள்.

வந்தவரிடம், இருக்கிறபடியே வரைந்து தருகிறேன், அந்தக் காலர் இடைவெளியோடு என்றேன். அத்தையைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.