பேட்டரி ஏன் 80 சதவீதத்தில் நொண்டுகிறது?

“ஹைட்ரஜன் கார் ஐந்தே நிமிடத்தில் நிரம்பிவிடுகிறது. எத்தனாலும் அப்படித்தான். மின்சாரக் கார் மட்டும் 80 சதவீதம் வரை விறுவிறுவென்று ஏறிவிட்டு அதற்குமேல் ஏன் இப்படி இழுக்கிறது? இந்த ஒரு காரணத்துக்காகவே எதிர்காலம் மாற்று எரிபொருள் பக்கம் சாய்ந்துவிடாதா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டாவது கேள்விக்குக் கணக்குப் போட்டாலே விடை வந்துவிடும். முதல் கேள்விதான் சுவையானது.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் ஆகும். அதை 700 பார் அழுத்தத்துக்கு (நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 700 மடங்கு) அமுக்கவும் குளிர்விக்கவும் இன்னும் சில யூனிட். அந்த ஒரு கிலோவில் கார் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போகும். அதே மின்சாரத்தை நேராகப் பேட்டரியில் ஏற்றினால், வழியில் கரைவதைக் கழித்த பிறகும், ஒத்த அளவுள்ள கார் 300 கிலோமீட்டர் ஓடிவிடும். ஹைட்ரஜனோடு கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துச் செயற்கை பெட்ரோல் காய்ச்சி எஞ்சினில் எரிப்பது இன்னும் மோசம். போட்ட 100 யூனிட்டில் 15 சக்கரத்துக்கு வந்து சேர்ந்தாலே பெரிது.

எத்தனால் லிட்டருக்குத் தரும் ஆற்றல் 21 மெகாஜூல், பெட்ரோல் தருவது 32. ஆகவே 20 சதவீதம் எத்தனால் கலந்தால் லிட்டருக்குச் சுமார் 7 சதவீத ஆற்றல் குறைகிறது. எத்தனாலின் ஆக்டேன் எண், அதாவது அமுக்கும்போது தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன், உயர்ந்தது என்பதால், அதற்கென்றே அமுக்க விகிதத்தைக் கூட்டி வடிவமைத்த எஞ்சின் இந்த நட்டத்தில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளும். பழைய எஞ்சினால் முடியாது. கலவை தொட்டியில் நெடுநாள் கிடந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியைத்தான்.

தண்ணீரில் ஓடும் கார் என்றொரு வதந்தியும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உயிர்பெற்று வரும். ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் மிஞ்சுவதுதான் தண்ணீர். அடுப்புச் சாம்பலை அள்ளி மறுபடி அடுப்பில் போட்டால் உலை கொதிக்குமா? ஸ்டான்லி மேயர் என்பவரின் ‘தண்ணீர் எரிபொருள் கலம்’ அப்பட்டமான மோசடி என்று அமெரிக்காவின் ஒஹையோ நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் அந்தக் காணொளிகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆக, மாற்று எரிபொருளின் கையில் இருக்கும் உருப்படியான துருப்புச்சீட்டு நிரப்பும் வேகம். அது லேசுப்பட்டதல்ல. நிமிடத்துக்கு 40 லிட்டர் கொட்டும் பெட்ரோல் குழாய் 20 மெகாவாட்டுக்கும் அதிகமான ஆற்றலைக் கடத்துகிறது. எஞ்சின் அதில் முக்கால்வாசியை வெப்பமாக வீணடித்தாலும் 5 மெகாவாட் மிச்சம். பெரிய ஃபாஸ்ட் சார்ஜர் தருவதோ 0.35 மெகாவாட். ஹைட்ரஜன் குழாய்க்கும் தொல்லை இல்லாமல் இல்லை. தொட்டிக்குள் அமுங்கும்போது வாயு சூடாகும், தொட்டியோ 85 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. அதனால் வாயுவை மைனஸ் 40 டிகிரி அளவுக்குக் குளிர்வித்தே உள்ளே விட வேண்டும்.

மின்சாரக் காரில் வேகத்தை முதலில் தடுப்பது கேபிள்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது தீர்ந்துபோன சிக்கல். பேட்டரியை 400 வோல்ட்டிலிருந்து 800க்கு உயர்த்தினால் அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும், கம்பியில் எழும் வெப்பம் கால்பங்காகிவிடும். உண்மையான நெரிசல் பேட்டரியின் அடிப்படை அலகான செல்லுக்குள், அதன் எதிர்முனையான கிராஃபைட்டின் வாசலில் இருக்கிறது.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையை விட்டுக் கிளம்பி, எலக்ட்ரோலைட் திரவத்தில் நீந்தி, எதிர்முனையிலுள்ள கிராஃபைட்டுக்குள் போகின்றன. நீந்தும் அயனி தனியாக வருவதில்லை. நான்கைந்து கரைப்பான் மூலக்கூறுகள் அதை மொய்த்துக்கொண்டு வரும். அவற்றை உதறிவிட்டால்தான் உள்ளே அனுமதி, உதறுவதற்கு ஆற்றல் வேண்டும். வாசலில் ஒரு காவல் படலமும் உண்டு. தொழிற்சாலையில் நடக்கும் முதல் சார்ஜிலேயே எலக்ட்ரோலைட் கொஞ்சம் சிதைந்து, கிராஃபைட்டின் மேல் சில பத்து நானோமீட்டர் கனத்துக்குப் படிகிறது. அயனியை விடும், எலக்ட்ரானை விடாது. இந்தப் படலம் சரியாக அமைவதே ஒரு அதிசயம். புரோப்பிலீன் கார்பனேட்டைக் கரைப்பானாக ஊற்றினால் அது லித்தியத்தோடு தொற்றிக்கொண்டு உள்ளே புகுந்து கிராஃபைட்டையே உரித்துப் போடும். எத்திலீன் கார்பனேட்டை ஊற்றினால் நல்ல படலம் அமைகிறது. இரண்டுக்கும் ஒரேயொரு மெத்தில் தொகுதிதான் வித்தியாசம்!

கிராஃபைட் என்பது கார்பன் தாள்களின் அடுக்கு. தாள்களுக்கு நடுவே 0.335 நானோமீட்டர் இடைவெளி, லித்தியம் நுழைந்ததும் அது 10 சதவீதம் போல விரியும். எல்லா இடைவெளிகளும் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அப்படி நடப்பதில்லை. மூடியிருக்கும் இடைவெளியைப் பிளக்க ஆற்றல் செலவாகும், ஏற்கெனவே பிளந்ததில் நுழைவது மலிவு. அதனால் முதலில் நான்கு இடைவெளிக்கு ஒன்று, பிறகு மூன்றுக்கு ஒன்று, பிறகு ஒன்றுவிட்டு ஒன்று, கடைசியில் எல்லாம் என்று படிப்படியாக நிரம்புகிறது. முழுதாக நிரம்பினால் ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். கண்ணாடிச் சன்னல் வைத்த செல்லை நுண்ணோக்கியின் கீழ் வைத்துச் சார்ஜ் செய்தால் கரும்சாம்பல் கிராஃபைட் கருநீலமாகிறது, பிறகு செம்பு நிறம், கடைசியில் தகதகக்கும் பொன்னிறம். அவசரமாகச் சார்ஜ் ஏற்றும்போது, சில பத்து மைக்ரான் தடிமனே உள்ள அந்தப் பூச்சில், வாசலோரம் பொன்னாகிவிட்டிருக்க உட்பக்கம் இன்னும் நீலமாகவே கிடக்கும். பேட்டரியில் பாதி இடம் காலி, ஆனால் வாசல் நிறைந்துவிட்டது.

ஆபத்து அங்கேதான். லித்தியம் உலோகத்தோடு ஒப்பிட்டால் நிரம்பிய கிராஃபைட்டின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் கீழே. அவசரப்படுத்தினால் அந்தச் சின்ன மின்னழுத்த வித்தியாசமும் கரைந்து பூஜ்யத்துக்குக் கீழே போகும். அதன்பின் அயனிகள் உள்ளே போகாமல் வாசலிலேயே உலோகமாகப் படியத் தொடங்கும். அதில் ஒரு பகுதி பிறகு கரைந்து உள்ளே போய்விடும். மீதி தொடர்பறுந்து செத்த லித்தியமாகிவிடும், பேட்டரியின் கொள்ளளவில் அவ்வளவும் நிரந்தர நட்டம். பாசி போல, ஊசி போல வளர்ந்து 10, 20 மைக்ரான் கனமே உள்ள தடுப்புத்தாளைத் துளைத்தால் உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்று. குளிரில் அயனியின் ஓட்டம் மந்தமாவதால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இந்த ஆபத்து பன்மடங்கு. இதையெல்லாம் கணித்துத்தான் பேட்டரி மேலாண்மை அமைப்பு 80 சதவீதத்தை நெருங்கும்போது மின்னோட்டத்தை இறக்குகிறது. சோம்பேறித்தனம் இல்லை அது.

வழிகள் இருக்கின்றன. கிராஃபைட்டுக்குப் பதில் லித்தியம் டைட்டனேட் போட்டால் மின்னழுத்தம் 1.55 வோல்ட், உலோகம் படியும் பேச்சே இல்லை. ஆனால் செல்லின் மின்னழுத்தம் 2.4 வோல்ட் அளவுக்குச் சரிவதால் காருக்குத் தேவையான தூரம் கிடைக்காது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகக் குழு 2019இல் வேறு வழி காட்டியது: செல்லை 60 டிகிரிக்குச் சூடாக்கி, 10 நிமிடத்தில் ஏற்றி, உடனே குளிர்விப்பது. ஆராய்ச்சிப் பணம் கொட்டவேண்டிய இடம் கரைப்பான், படலம், பூச்சு ஆகிய இந்தப் பகட்டில்லாத வேதியியல்தான் என்பது என் கட்சி. ஹைட்ரஜன் கார் திறப்புவிழாவுக்கு நன்றாக இருக்கும். அந்த ஹைட்ரஜன் உரத்துக்கும் எஃகுக்கும் போனால் பயன் அதிகம்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இதிலிருந்து சில நடைமுறைகள் கிடைக்கின்றன. நெடும்பயணத்தில் 10 சதவீதத்துக்கு இறங்கிய பின் சார்ஜரைத் தேடுங்கள், 60, 70 வந்ததும் கிளம்புங்கள். இரண்டு குறுகிய நிறுத்தம் ஒரு நீண்ட நிறுத்தத்தைவிட நேரம் மிச்சப்படுத்தும். வரைபடத்தில் சார்ஜரையே சேருமிடமாகப் போட்டால் பல கார்கள் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும். குளிர்நாளில் ஓட்டி நிறுத்திய கையோடு சார்ஜ் போடுங்கள், விடியும் வரை ஆறவிடாதீர்கள். நிக்கல் கலந்த பேட்டரியை அன்றாடம் 80இல் நிறுத்துவது நல்லது. எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை வேறு ரகம். அதன் மின்னழுத்தம் நடுப்பகுதியில் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை என்பதால், எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று அமைப்பால் சரியாகக் கணிக்க முடியாது. உற்பத்தியாளர் சொல்லும் இடைவெளியில் ஒருமுறை 100 வரை ஏற்றினால்தான் அளவு நேராகும். அதைச் செய்யாமல் விட்டால் திரை காட்டும் சதவீதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய்யாகிவிடும்.