போர்டு ஃபைலிலிருந்து டிவைஸ் ட்ரீக்கு: மாறும் முன் பழைய கெர்னலிடம் கேட்க வேண்டியவை

ஒரு காலத்தில் ஏஆர்எம் சிப்களுக்கான லினக்ஸ் கெர்னலில் ஒவ்வொரு போர்டுக்கும் அதன் வன்பொருளை விவரிக்கத் தனியாக ஒரு சி கோப்பு, அதாவது போர்டு ஃபைல், இருந்தது. 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தக் குவியலைக் கடுமையாகச் சாடிய பிறகுதான், அந்த விவரங்களைக் கெர்னல் நிரலுக்கு வெளியே தனித் தரவாக வைக்கும் டிவைஸ் ட்ரீக்கு மாறும் வேலை வேகம் பிடித்தது. 2023இல் வெளியான 6.3 கெர்னலில் கேட்பாரற்றுக் கிடந்த போர்டு ஃபைல்கள் பெருமளவில் நீக்கப்பட்டன. களத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கருவிக்குப் புதிய கெர்னல் வேண்டுமென்றால், பெரும்பாலும் இந்த மாற்றத்தைச் செய்தே ஆக வேண்டும்.

சி கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி டிடிஎஸ் (டிவைஸ் ட்ரீயின் மூலக் கோப்பு) எழுதாதீர்கள். கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் ஓசையில்லாமல் செய்துவைத்த பின்மக்ஸ் (சிப்பின் எந்தக் கால் எந்த வேலைக்கு என்ற அமைப்பு), க்ளாக், மின்சப்ளை எதுவும் அந்தக் கோப்பில் இருக்காது. ஸ்கிமேட்டிக்கையும் (சுற்று வரைபடம்) சிப் மேனுவலையும் பார்த்து எழுதுங்கள். சரிபார்க்க மட்டும் சி கோப்பைத் திறந்தால் போதும். அதற்கும் முன்னால், பழைய கெர்னல் நன்றாக ஓடும்போதே ப்ராக் கோப்புறையிலுள்ள இன்டரப்ட்ஸ், ஐஓமெம் (முகவரிப் பகிர்வு), எம்டிடி (ஃப்ளாஷ் பகுதிகள்) பட்டியல்களையும், பிழைதேட உதவும் டீபக்எஃப்எஸ்ஸில் கிடைக்கும் ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டுப் பின்கள்), க்ளாக் நிலவரத்தையும் எடுத்து வையுங்கள். கருவியை ஃப்ளாஷ் செய்த பிறகு இவற்றைத் தேடிப் பயனில்லை.

அதிகம் பேரை மாட்டவைப்பது இன்டரப்ட் (ஒரு சாதனம் ப்ராசஸரின் கவனத்தைக் கேட்கும் சைகை) எண். ஜிஐசி (ஏஆர்எம்மின் இன்டரப்ட் கட்டுப்படுத்தி) உள்ள சிப்பில் ஓர் இன்டரப்டை மூன்று எண்களால் குறிக்கிறோம்: வகை, எண், தூண்டும் முறை. வெளிச்சாதனங்களின் இன்டரப்ட்கள் 32இல் தொடங்குகின்றன. ஆனால் டிவைஸ் ட்ரீயில் அந்த 32ஐக் கழித்துவிட்டே எழுத வேண்டும். மேனுவலில் 56 என்றிருந்தால் இங்கே 24. சில மேனுவல்கள் ஏற்கெனவே கழித்துத்தான் அச்சிட்டிருக்கும், அட்டவணை 0இல் தொடங்குகிறதா 32இல் தொடங்குகிறதா என்று பாருங்கள். தவறாக 56 என்றே எழுதினாலும் பெரும்பாலும் கெர்னல் முணுமுணுக்காது, டிரைவரும் ஏறிவிடும். சீரியல் போர்ட்டில் இந்தப் பிழை இருந்தால் அடையாளம் தெளிவாகத் தெரியும். கெர்னல் செய்திகள் இன்டரப்ட் இல்லாமலே போவதால் அவை கடைசிவரை வரும். லாகின் வர வேண்டிய இடத்தில் எல்லாம் நின்றுவிடும். இன்டரப்ட் பட்டியலில் அந்த வரியின் எண்ணிக்கை 0இலேயே இருக்கும்.

அடுத்தது, தானாக அணையும் சமாச்சாரம். எந்த டிரைவரும் உரிமை கோராத க்ளாக்குகளைப் பூட் முடியும் தறுவாயில் கெர்னல் நிறுத்திவிடும். பூட்லோடர் ஏற்றிவிட்ட திரை அந்த நொடியில் இருண்டுபோகும். பூட் ஆர்குமென்ட்டில் சிஎல்கே_இக்னோர்_அன்யூஸ்டு சேர்த்ததும் திரை தங்கினால், டிவைஸ் ட்ரீயில் ஏதோ ஒரு நோடில் (ஒரு சாதனத்துக்கான பதிவு) க்ளாக் குறிப்பு விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆர்குமென்ட் நோயைக் காட்டுமே தவிர மருந்தாகாது, அதோடு கருவியை வெளியே அனுப்பாதீர்கள். மின்சப்ளையைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்களும் இப்படித்தான், ஆனால் இன்றைய கெர்னல்களில் சுமார் 30 விநாடி கழித்து. நன்றாக ஓடிய கருவி அரை நிமிடத்தில் செத்தால் முதலில் மின்சப்ளை நோடுகளைப் பாருங்கள். ஜிபிஐஓவால் இயங்கும் நிலையான ரெகுலேட்டரில் எனேபிள்-ஆக்டிவ்-ஹை என்ற பண்பு இல்லையென்றால், ஜிபிஐஓ வரியில் நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் அது ஆக்டிவ் லோ (தாழ்ந்த மின்னழுத்தத்தில் இயங்குவது) என்றே கொள்ளப்படும்.

பூட்லோடரை மாற்ற முடியாத இடத்தில் டிடிபியை (டிடிஎஸ்ஸைத் தொகுத்துக் கிடைக்கும் கோப்பு) இசட்இமேஜின் (சுருக்கிய கெர்னல் கோப்பு) வாலில் ஒட்டலாம். அதற்கு கெர்னல் கான்ஃபிகில் அப்பெண்டெட் டிடிபி வசதியைப் போட வேண்டும். நினைவக அளவும் கமாண்ட் லைனும் பூட்லோடர் கெர்னலுக்குத் தகவல் தரும் பழைய முறையான ஏடேக் வழியே வருவதானால் அதற்கான இணக்க வசதியையும் சேர்க்க வேண்டும். பூட் ஸ்கிரிப்ட் ஃப்ளாஷிலிருந்து இத்தனை பைட் என்று நிர்ணயித்துப் படிக்கிறதா என்றும் பாருங்கள். புதிய கெர்னல் பெரிது, டிடிபியோ கடைசியில் இருக்கிறது. முதலில் வெட்டுப்படுவது அதுதான். கெர்னல் விரிக்கப்பட்டது என்ற செய்திக்குப் பிறகு திரையில் ஓர் எழுத்தும் வராது.

ஃப்ளாஷ் பார்ட்டிஷன்களைப் பழைய எம்டிடி பட்டியலோடு பைட் பிசகாமல் ஒப்பிடுங்கள். பூட்லோடர் பகுதிக்கு ரீட்-ஒன்லி போடுங்கள். சாதன விவரங்களைக் காட்டும் சிஸ்எஃப்எஸ் பாதைகளின் பெயர்கள் மாறிவிடும், அவற்றை நம்பியிருக்கும் ஸ்கிரிப்ட்களைத் தேடிப்பிடித்துத் திருத்த வேண்டும். சீரியல், எம்எம்சி வரிசை எண்களை அலையஸ் நோடில் கட்டிவையுங்கள்.

எந்தச் சாதனமாவது ஏறாமல் காத்திருந்தால் டீபக்எஃப்எஸ்ஸிலுள்ள டிவைசஸ்_டெஃபர்டு கோப்பில் அதன் பெயர் இருக்கும். டிவைஸ் ட்ரீயைச் சரிபார்க்கும் டிடிபிஎஸ்_செக் ஓட்டி அது சுட்டும் பிழைகளைத் திருத்திய பிறகு, முதலில் எடுத்துவைத்த பட்டியல்களைப் புதியவற்றோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள்.