‘தங்கம் கண்டுபிடிப்பான்’ அன்று, உலோக உணரி

நாகர்கோவில் வட்டாரத்தில் கைபேசிக் காணொளிகளிலும் விளம்பரங்களிலும், மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைத் தேடும் கருவிக்கு ‘தங்கம் கண்டுபிடிப்பான்’ என்றொரு சொல் அடிக்கடி காதில் விழுகிறது. சற்றுப் படித்தவர்கள் அதை ‘உலோகக் கண்டுபிடிப்பான்’ என்று திருத்திக்கொண்டு, அத்துடன் தமிழுக்கு நன்மை செய்துவிட்டதாக நிறைவடைகிறார்கள். மெட்டல் டிடெக்டர் என்றே எழுதிவிட்டால்கூட நான் இவ்வளவு வருந்தமாட்டேன். அது தன்னைக் கடன்சொல் என்று ஒளிக்காமல் நிற்கிறது. தமிழ்போலத் தோன்றிக்கொண்டு, தமிழ்ச் சொல்லாக்க முறைக்கும் ஒத்துவராமல், கருவியின் வேலையையும் தவறாகச் சொல்லி, வாங்குகிறவரின் பணத்துக்கும் உலை வைக்கிற சொல்லைத்தான் பொறுக்க முடியவில்லை.

சொற்பிறப்பை விரைவாகச் சொல்லிவிடலாம். ‘மெட்டல்’ கிரேக்கத்து ‘மெட்டலோன்’ என்பதிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் சுரங்கம். ‘டிடெக்ட்’ என்பதற்கு இலத்தீனில் மூடியதைத் திறத்தல் என்று பொருள். நம் ‘உலோகம்’ வடமொழி ‘லோஹ’ என்பதன் தமிழ் வடிவம். லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வாராதாகையால் உகரம் முன்னே வந்து சேர்ந்தது. 1881-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிவிட்ட துப்பாக்கிக் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைக் கொண்டுவந்தார். குண்டு அகப்படவில்லை, படுக்கையின் எஃகுச் சுருள்கள் அதற்குத் தடையாயின என்று பின்னர் காரணம் சொல்லப்பட்டது. சுருளும் உலோகம், குண்டும் உலோகம். இரண்டில் எது வேண்டும் என்பது கருவிக்குத் தெரியாது. என் வழக்கு முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கும்.

‘கண்டுபிடிப்பான்’ என்பது தமிழர் காதில் முதலில் வினைமுற்றாகவே விழும். ‘அவன் எப்படியும் கண்டுபிடிப்பான்’ என்று சொல்லும்போது அது எதிர்கால ஆண்பால் வினை. அதையே பெயராக்கினால் ‘உலோகக் கண்டுபிடிப்பான் கண்டுபிடிப்பான்’ என்று வாக்கியம் அமைக்க வேண்டிய நிலைக்கு வருகிறோம். ‘அழிப்பான் இருக்கிறதே, குளிர்விப்பான் இருக்கிறதே’ என்று வாதிடுவோர் உண்டு. இருக்கின்றன, பாடநூலில். பள்ளிப் பிள்ளைகள் பக்கத்து இருக்கைக்காரனிடம் ரப்பர்தான் கேட்கிறார்கள். கருவிக்குப் பெயரிடத் தமிழில் இகர ஈறு என்றும் இருந்துவருகிறது: பாக்குவெட்டி, தேங்காய்த்துருவி, தொலைநோக்கி, ஒலிபெருக்கி. இவற்றில் எதையும் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆண்பாலும் எதிர்காலமும் குறுக்கிடுவதுமில்லை.

இலக்கணத்தைவிடப் பெரிய குற்றம் பொருளில் இருக்கிறது. கண்டுபிடித்தல் என்றால், இருப்பதைக் கண்டு, இன்னதென்று தெளிந்து, கைப்பற்றி முடித்தல். அந்த முடிவு வரைக்கும் இக்கருவி போவதில்லை. தடியின் அடியிலுள்ள சுருளில் மாறுமின்னோட்டம் ஓடி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களை எழுப்ப, அவற்றிலிருந்து பிறக்கும் சிறு காந்தப்புலத்தை ஏற்புச்சுருள் வாங்கி ஒலியாகவோ எண்ணாகவோ காட்டுகிறது. மின்கடத்தும் ஏதோ ஒன்று இங்கே கிடக்கிறது என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. திரையில் தோன்றும் எண்ணும் ஓர் ஊகமே. மண்வெட்டியால் தோண்டிப் பார்த்த பிறகுதான் கண்டுபிடிப்பு நிகழ்கிறது, அதைச் செய்கிறவர் மனிதர்.

‘தங்கம் கண்டுபிடிப்பான்’ என்பதோ பிழைக்குமேல் பிழை. தங்கத்துக்கென்று தனிக்குரல் எதையும் இயற்கை கொடுக்கவில்லை. மெல்லிய சங்கிலியும், சிறிய தங்கத் துணுக்கும், சிகரெட் பெட்டியிலுள்ள அலுமினியத் தாளும், குளிர்பான டப்பாவின் இழுவளையமும் ஏறத்தாழ ஒரே எண்வரிசையில் காட்டும். குப்பை வேண்டாமென்று அவ்வரிசையை அடைத்துவிட்டால் தங்கமும் அதனுடன் அடைபட்டுப் போகும். அனந்தராயன் பணம் என்ற திருவிதாங்கூர்ப் பொற்காசு விரல் நகத்தில் பாதிகூட இராது. அதன்மேல் சுருளை ஆட்டினால் ஏதோ குப்பைத் துணுக்கின்மேல் ஆட்டியது போன்ற மெலிந்த ஒலிதான் வரும். இதை அறியாமல் ‘தங்கம் மட்டும் காட்டும்’ என்று நம்பிப் பணம் கட்டுகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, பெயரே அப்படித்தான் வாக்களிக்கிறது. அரிசியை இழுக்கும் இரிடியம் கலசம் என்று தமிழ்நாட்டில் எத்தனை பேரை ஏமாற்றினார்கள்! பல மீட்டர் தொலைவிலிருந்தே தங்கத்தின் திசையைக் காட்டும் என்று ஆண்டெனா வைத்து விற்கப்படும் கருவிகளும் அந்த இனத்தைச் சேர்ந்தவையே; அவற்றில் மேற்சொன்ன இயற்பியல் எதுவும் இல்லை.

சிலர் ‘உலோகங்காணி’ என்று முன்வைக்கிறார்கள். இகர ஈறு சரி. கங்காணி போன்ற முன்மாதிரியும் உண்டு. ஆனால் குமரி மாவட்டத்தில் காணி என்றால் பேச்சிப்பாறை மலைகளில் வாழும் பழங்குடி மக்கள். வயற்காரருக்கு அது நில அளவு. பழைய கணக்கில் எண்பதில் ஒரு பங்கு. இத்தனை வேலை பார்க்கும் சொல்லின் தலையில் இன்னொரு சுமையை ஏற்ற வேண்டாம். தூய்மை வேண்டுவோர் ‘மாழை’ என்பார்கள். நிகண்டில் உள்ள நல்ல சொல்தான், எனினும் கடையில் போய் மாழை உணரி கேட்டால் கடைக்காரர் நம்மை வாழைக்குலைக் கடைக்கு அனுப்பிவிடுவார். பழந்தமிழில் ‘பொன்’ என்பதே உலோகப் பொதுப்பெயராகவும் நின்றது. கரும்பொன் இரும்பு, வெண்பொன் வெள்ளி, ஐம்பொன் இன்றும் சிலை வடிப்போர் வாயில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ‘பொன்னுணரி’ மிகச் சரியான பெயராக இருந்திருக்கும். இன்று பொன் தங்கமாகச் சுருங்கிவிட்ட நிலையில், அதைச் சூட்டினால் விளம்பரக்காரர் கையில் நாமே பொய்யை எடுத்துக் கொடுத்ததாகும்.

ஆகவே என் பரிந்துரை ‘உலோக உணரி’. உணரி என்பது சென்சாருக்கு ஆகிவிட்டதே என்ற எதிர்ப்பு வரும். உணரும் உறுப்பு சுருள். அதைச் சுருள் என்றே சொல்லலாம், முழுக் கருவிக்கு உணரி பொருந்தும். புகை உணரியை யாரும் குழப்பிக்கொள்வதில்லை. பெரிய திருவிழாக்களில் கோயில் வாசலில் நிறுத்தும் சட்டகமும், காவலர் கையில் பிடிக்கும் தடியும், மணலில் ஆட்டும் சுருளும் ஒரே பெயருக்குள் அடங்கும். ‘உலோகம் கண்டறியும் கருவி’ என்று செய்தித்தாள்கள் எழுதுவதில் பிழையில்லை. நீளம் மட்டுமே குறை.

பெயர் சரியானால் தேர்வும் சரியாகும். ‘எது நன்றாகத் தங்கம் கண்டுபிடிக்கும்’ என்ற கேள்விக்கு விடை கிடையாது. ‘இந்த மண்ணில், இந்த அளவுள்ள உலோகத்தை எது உணரும்’ என்று கேட்டால் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1980-இல் 27 கிலோவுக்கு மேற்பட்ட ஒரே தங்கக்கட்டி உணரியால் அகப்பட்டது. காணொளிக்காரர்கள் அதைச் சொல்லி ஆசை காட்டுவார்கள். அது தங்கவயல் மண். கர்நாடகத்துக் கோலாரைப் போலவோ கேரளத்து நிலம்பூரைப் போலவோ நம் மாவட்டம் பொன்னுக்குப் பெயர் பெற்றதில்லை. நிலம்பூரிலும் ஆற்றுமணலை அரித்தெடுக்கும் பொடிப்பொன்னுக்கு உணரி பயன்படாது, அரிதட்டே வேண்டும். சிறு துணுக்குத் தேடுவோர் 45 அல்லது 71 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண் கருவிகளை நாடுவார்கள். இரும்புத்தாது மிகுந்த மண்ணில் ஆழம் வேண்டுவோர், விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பும் துடிப்புத் தூண்டல் வகையை நாடுவார்கள். பின்னது இரும்பைப் பிரித்தறிவதில் பலவீனமானது. பழைய வீட்டு முற்றத்தில் அதை ஆட்டினால் ஆணி ஆணியாகத் தோண்ட வேண்டியிருக்கும்.

நம் கரையோ தனிச் சோதனை. மணவாளக்குறிச்சிக் கருமணலில் இல்மனைட் மிகுதி; அது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு, காந்தத்துக்கு ஓரளவு இழுபடுவது. போதாததற்கு, உப்புநீர் மின்சாரம் கடத்தும். ஒற்றை அதிர்வெண் கருவியை ஈரமணலில் ஆட்டினால் மண்ணே கத்தும். விளவங்கோட்டுப் பக்கத்து வெட்டுகல் (செம்பூரான்கல்) நிலத்திலும் இரும்பு ஆக்சைடு மிகுதி என்பதால் அங்கும் தொல்லை வரும். பொதுப் பயனுக்குப் பல அதிர்வெண்களை ஒருங்கே இயக்குவதும், மண்ணின் குரலைக் கையால் சமன்செய்ய இடங்கொடுப்பதும், சுருள் மட்டுமின்றி உடலும் நீர்புகாததுமான உணரியே குமரிக்கு ஏற்றது. பெரிய சுருள் ஆழம் பார்க்கும், சிறியது குப்பைக்கு நடுவே துல்லியம் தரும். சாதாரண நாணயத்துக்கு ஒரு முழத்துக்குள்ளேயே எல்லை முடிந்துவிடும். மூன்று மீட்டர் என்று சொல்கிறவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் தமிழில் படித்து அறியலாம் என்று கையேட்டைப் புரட்டினால் வேறொரு துன்பம். இரும்பைப் பிரித்தறியும் வசதியை ‘இரும்புப் பாகுபாடு’ என்று பெயர்த்திருக்கிறார்கள். இரும்புக்குச் சமூகநீதி மறுக்கப்பட்டதோ என்று திகைக்க வேண்டியிருக்கிறது. மண்சமன் என்று இரண்டே சொல்லில் முடிகிற ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ என்பதை ‘தரை இருப்பு’ ஆக்கி, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நினைவை வரவழைத்திருக்கிறார்கள். ஓரிடத்தைக் கூர்ந்து குறிக்கும் ‘பின்பாயிண்ட்’ என்ற செயல் ‘குண்டூசிப் புள்ளி’ ஆகியிருந்தது. இவை கணினி பெயர்த்தவை என்று மன்னிக்கலாம். அச்சேற்றும் முன் தமிழறிந்த ஒருவர், அதைவிட மேலாகக் கருவியைக் கையில் பிடித்த ஒருவர், பார்க்கவில்லை என்பதை மன்னிப்பதற்கில்லை. சொல்லாக்கக் குழுக்களும் பொருளைத் தொடாமல் அகராதியை மட்டும் தொட்டுக்கொண்டு இருப்பதால்தான் ‘கண்டுபிடிப்பான்’ பிறக்கிறது.

‘புதையல் தேடும் கருவி’ என்ற மற்றொரு விற்பனைப் பெயரைப் பற்றியும் ஒரு சொல். புதையல் இந்நாட்டில் சட்டச் சொல்லும் ஆகும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. அதன்படி மண்ணில் மறைந்து கிடந்து அகப்பட்ட பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், அகப்பட்ட இடமும் நாளும் பொருளின் தன்மையும் குறித்து மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் தண்டனை உண்டு. நூறாண்டு கடந்த நாணயமாயின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பழைய தறவாட்டு (கூட்டுக்குடும்ப) மனைகளில் சக்கரம், காசு என்ற திருவிதாங்கூர் நாணயங்கள் கிடைக்கும் என்று ஆசைகாட்டி இக்கருவியை விற்பவர்கள், அட்டைப்பெட்டியின் மேல் புதையல் என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். இச்சட்டத்தைப் பற்றி உள்ளே இருக்கும் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.