தெர்மாகோல் கரை ஒதுங்கிய கதையும் முட்டாள்தனத்தின் இயக்கமும்

2017 ஏப்ரலில் வைகை அணையின் நீர்ப்பரப்பில் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டுநாடாவால் இணைத்து மிதக்கவிட்டார்கள். வெயிலில் நீர் ஆவியாவதைக் குறைப்பதே நோக்கம். அமைச்சரும் அதிகாரிகளும் முன்னின்று தொடங்கிய அந்தத் திட்டம் சற்று நேரத்திலேயே காற்றடித்துக் கரைக்குத் திரும்பி வந்துவிட்டது. அதைச் சொல்லிச் சிரிக்காத தேநீர்க் கடை மதுரையில் இல்லை; இன்றும் அந்தச் சிரிப்பு ஓய்ந்தபாடில்லை. ஆனால் கேட்கவேண்டிய ஒரு கேள்வி அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போனது. தெர்மாகோல் காற்றில் ஓடும் என்பது அங்கே கூடியிருந்தவர்களில் யாருக்குத்தான் தெரியாது?

திட்டத்தின் அடிப்படை தவறானதன்று. ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2,450 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைப் பெரும்பாலும் சூரியன் தருகிறது. எழுந்த ஆவியைக் காற்று அகற்றிக்கொண்டே இருப்பதால் மேலும் ஆவி எழ இடம் கிடைக்கிறது. நீர்மட்டம் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புக்கு 10 லட்சம் லிட்டர் போய்விடும் என்பதால், பரப்பை மூடிவைக்க நினைப்பது நியாயமான யோசனைதான். 2015-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் தன் நீர்த்தேக்கம் ஒன்றில் 9.6 கோடி கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டது. அங்கே முதன்மை நோக்கம் வேறு: நீரில் உள்ள புரோமைடு, குளோரினோடும் வெயிலோடும் சேர்ந்து புரோமேட் என்னும் தீங்கான பொருளாக மாறாமல் தடுப்பது. ஆவியாதல் குறைந்தது கூடுதல் பலன். காற்றில் அடித்துச் செல்லப்படாமல் இருக்க அந்தப் பந்துகளுக்குள் ஓரளவு நீரும் நிரப்பியிருந்தார்கள். தெர்மாகோலோ ஒரு கன மீட்டருக்குச் சுமார் 15 முதல் 20 கிலோ எடையே உள்ளது. நீரில் விட்டால் அதன் பருமனில் ஐம்பதில் ஒரு பங்குதான் அமிழும். மீதி முழுவதும் வெளியே நின்று காற்றை வாங்கும். ஆவியாதலை விரைவுபடுத்துகிற காற்றே அட்டையையும் தள்ளிக்கொண்டு போய்விடும்.

இதைப் புரிந்துகொள்ள இயற்பியல் பட்டம் தேவையில்லை. தொலைக்காட்சிப் பெட்டியைப் பிரித்து அதனுள் இருந்த தெர்மாகோல் அட்டையை மொட்டைமாடியில் போட்டுப் பார்த்தவர் எவருக்கும் தெரியும். ஆகவே குறை அறிவில் இல்லை, தெரிந்த ஒன்று தேவையான நேரத்தில் பயன்படாமல் போனதில் இருக்கிறது. திருக்குறளில் 'கல்லாமை' ஓர் அதிகாரமாகவும் 'பேதைமை' வேறோர் அதிகாரமாகவும் இருப்பதை நான் இந்தக் கோணத்திலேயே பார்க்கிறேன்.

ஒரு சிறிய கணக்கு. ஒரு ஜிகர்தண்டாவும் ஒரு குவளைப் பருத்திப்பாலும் சேர்ந்து 110 ரூபாய். பருத்திப்பாலைவிட ஜிகர்தண்டா 100 ரூபாய் கூடுதல். பருத்திப்பால் என்ன விலை? மனம் உடனே 10 என்கிறது. அப்படியானால் ஜிகர்தண்டா 110, இரண்டும் சேர்ந்து 120 ஆகிவிடும். சரியான விடை 5. (விலை கணக்குக்காகச் சொன்னது, மதுரைக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.) இவ்வகைக் கேள்விகள் மூன்றைக் கொண்ட ஒரு சோதனை 2005-இல் வெளியானபோது, அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களின் மாணவர்களிலேயே மூன்றுக்கும் சரியான விடை சொன்னவர்கள் பாதிக்கும் குறைவாகவே இருந்தனர். அவர்களுக்குக் கூட்டல் தெரியாமல் இல்லை. முதலில் தோன்றிய விடை நிறைவாக இருந்ததால், சரிபார்க்கும் வேலையை மனம் தொடங்கவே இல்லை. 'மூடினால் ஆவியாவது குறையும்' என்பதும் அப்படிப்பட்ட ஒரு 10 ரூபாய் விடைதான்.

ஒருவர் சரிபார்க்காமல் விட்டால் பக்கத்தில் இருப்பவர் சரிபார்க்கலாமே என்றால், அங்கேதான் இரண்டாவது சிக்கல் வருகிறது. 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய வேலையைப் பலர் நடுவில் அமர்ந்த ஒருவரிடம் கொடுத்தார். மற்றவர்கள் அனைவரும் ஆஷின் ஆட்கள். வேண்டுமென்றே ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். தனியாக இருந்தால் கிட்டத்தட்ட யாருமே தவறாத அந்த வேலையில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தின் தவறோடு ஒத்துப்போயின. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னபோது அந்த ஒத்துப்போதல் முன்பு இருந்ததில் நான்கில் ஒரு பங்காகச் சரிந்தது. அந்த அறையில் பதவி உயர்வும் இல்லை, இடமாறுதலும் இல்லை. அங்கேயே இப்படி என்றால், மேலதிகாரியின் யோசனைக்கு எதிரே அமர்ந்திருக்கும் இளம் பொறியாளரின் நிலையை யோசித்துக்கொள்ளலாம். பேசினால் இழப்பு அவர் ஒருவருக்கு. பேசாவிட்டால் இழப்பு ஊருக்கு.

ஆனாலும் வைகை அணையில் நடந்ததை நான் ஆபத்துக் குறைந்த வகையில்தான் சேர்ப்பேன். தவறின் விளைவு அன்றே, எல்லோர் கண் முன்னும் தெரிந்துவிட்டது. விளைவு கண்ணில் படாத இடங்களில்தான் முட்டாள்தனம் பழகிப்போய் வழக்கமாகிறது.

மதுரையின் கோரிப்பாளையத்திலோ காளவாசலிலோ சிறிது நேரம் நின்று பார்த்தால், தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டும் பலரைக் காணலாம். நின்ற நிலையிலிருந்து சரிந்து விழுந்தாலே, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து வரும் தலை மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். 40 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்புச் சுவரில் மோதுவது ஆறு மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து, அதாவது இரண்டு தளம் கொண்ட வீட்டின் மொட்டைமாடியிலிருந்து விழுவதற்குச் சமம். மண்டை ஓடு சாலையில் பட்டு மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுவதற்கும் மூன்று சென்டிமீட்டர் தொலைவில் நிற்பதற்கும் இடையே விசை பத்து மடங்கு வேறுபடும். அந்தக் கூடுதல் தொலைவைத் தருவது தலைக்கவசத்தின் உள்ளே நசுங்கும் பட்டை. அது வேறொன்றுமில்லை, சற்று அடர்த்தியான தெர்மாகோல்தான். அணையில் உதவாத பொருள் உயிரைக் காக்கிறது, தலையில் இருந்தால்.

இதைச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை; ஆனாலும் மறுநாள் தலைக்கவசம் முழங்கைக்கே போய்விடுகிறது. காரணம், மூளை அறிவுரையைவிட அனுபவத்தை அதிகம் நம்புகிறது. தலைக்கவசம் இல்லாமல் ஆயிரம் முறை போய் ஆயிரம் முறையும் பத்திரமாக வந்திருக்கிறோம். வியர்வையில்லாமல் காற்று வாங்கிய சுகம் ஒவ்வொரு முறையும் பரிசாகக் கிடைத்திருக்கிறது. ஆயிரத்தொன்றாவது பயணம் கற்பிக்கும் பாடத்தைப் பலரால் பயன்படுத்திக்கொள்ள முடிவதில்லை. விண்வெளிப் பொறியாளர்களும் இதற்கு விலக்கல்லர். அமெரிக்காவின் சேலஞ்சர் போன்ற விண்வெளி ஓடங்களை ஏவும் ராக்கெட்டுகளின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் முந்தைய பயணங்களிலேயே அரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் ஓடம் பத்திரமாகத் திரும்பியதால் அந்த அரிப்பு ஏற்கத்தக்கதாகிவிட்டது. 1986 ஜனவரி 28 அன்று அந்த வளையம் கைவிட்டதால் சேலஞ்சர் வானில் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தனர்.

விளைவு வேறொருவர் தலையில் விழுந்தால் இந்தப் பாடமும் கிடைக்காது. மதுரைச் சுற்றுவட்டாரக் கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்தவை; மேல் கண்மாய் நிரம்பினால் நீர் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். தல்லாகுளம், உலகனேரி போன்ற பெயர்களிலேயே நீர்நிலை இருக்கிறது. நடுவில் ஒரு வரத்துக்காலை மண் போட்டு மூடி மனை பிரித்தவருக்கு அந்த ஆண்டே லாபம் வந்துவிடும். அடைபட்ட நீர் வேறொரு தெருவுக்குள், வேறொருவர் அடுப்படிக்குள், பல ஆண்டுகள் கழித்து ஒரு மழையில் நுழையும். பந்தல்குடி கால்வாயில் நெகிழிப் பையை வீசுகிறவருக்கும் அது தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் இடையே தொலைவு உண்டு. மூடியவரும் வீசியவரும் கணக்கில் கெட்டிக்காரர்களாகவே இருக்கலாம். அவர்கள் கணக்கில் எதிர்த்தெரு வரவில்லை, அவ்வளவுதான்.

கூட்ட அறையில் நிகழும் மௌனத்துக்கு மட்டும் எளிய மருந்து ஒன்று உளவியலில் இருக்கிறது. திட்டத்தை ஏற்பதற்கு முன்பு தலைமையில் இருப்பவர், 'இந்தத் திட்டம் தோற்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஏன் தோற்றது என்று ஆளுக்கொரு காரணம் எழுதித் தாருங்கள்' என்று கேட்கவேண்டும். அப்போது குறை சொல்வது எதிர்ப்பாகாது, கொடுத்த வேலையாகிவிடும். வைகைக் கரைக்குக் கிளம்புவதற்கு முன்பு அப்படி ஒரு வெற்றுத்தாள் கையில் கிடைத்திருந்தால், அந்த இளம் பொறியாளர் அதில் 'காற்று' என்று ஒரு சொல் எழுத அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.