கடை சாத்திய பிறகும் மினுக்கிய விளக்கு

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றிலிருந்து, பில் போட முடியாத அளவுக்கு இணையம் மந்தமாக இருக்கிறது என்று அழைப்பு வந்தது. கடை சாத்திய பிறகு போனேன். கணினிகள் நான்கும் அணைக்கப்பட்டிருந்தன. ஆனால் கடையின் கருவிகளை ஒயரால் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சின் ஏழாம் போர்ட்டில், அதாவது ஒயர் செருகும் ஏழாவது துளையில், பச்சை விளக்கு ஓயாமல் மினுக்கிக்கொண்டிருந்தது.

"கேமரா ஓடுதுல்ல தம்பி, அதான்" என்றார் அண்ணாச்சி. அந்தப் போர்ட்டில் செருகியிருந்தது, கேமராப் படங்களைப் பதிவுசெய்யும் டி.வி.ஆர். பெட்டிதான். கேமராக்களோ தனி கோஆக்சியல் ஒயரில் அதற்கு வருபவை, கைபேசியில் யாரும் பார்க்காத நேரத்தில் அந்தப் பெட்டிக்கு சுவிட்ச் வழியே இவ்வளவு அனுப்ப வேண்டிய தேவையே இல்லை.

நெட்வொர்க் கார்டு ஒவ்வொன்றுக்கும் 48 பிட் மேக் முகவரி, அதாவது அதற்கே உரிய அடையாள எண், உண்டு. வந்துசேரும் ஃபிரேமின் (தரவுத் துண்டின்) பெறுநர் முகவரியைக் கார்டு பார்க்கிறது. தனக்கானதாகவோ எல்லாருக்குமானதாகவோ இல்லையென்றால், இயங்குதளத்துக்குத் தெரிவிக்காமலே அதை விட்டுவிடுகிறது. நெட்வொர்க் போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் போன்ற மென்பொருள், கார்டை புரோமிஸ்குவஸ் நிலைக்கு மாற்றி, வருவதையெல்லாம் வாங்க வைக்கும். ஆனாலும் சுவிட்ச் உரிய போர்ட்டுக்கு மட்டுமே ஃபிரேமை அனுப்புவதால், பக்கத்துப் போர்ட்டில் மடிக்கணினியைச் செருகினால் அநேகமாக ஒன்றும் கண்ணில் படாது. ஏழாம் போர்ட்டின் போக்குவரத்தை என் போர்ட்டுக்கு நகலெடுக்கும்படி சுவிட்சில் மிரரிங் அமைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அந்தப் பெட்டி, முன்பின் தெரியாத இணைய முகவரிகளின் 23ஆம் போர்ட்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிக்கொண்டிருந்தது. இங்கே போர்ட் என்பது ஒயர் துளை அல்ல, ஒரு சேவைக்கான எண். 23 என்பது, தொலைவிலிருந்து கருவிக்குள் நுழைந்து கட்டளையிடும் பழைய முறையான டெல்நெட்டுக்கு உரியது. 2016இல் உலகெங்கும் கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் பிடித்த மிராய் தீநிரலும் இப்படித்தான் இரை தேடியது. இந்த அரைகுறை இணைப்புகள் ரூட்டரின் இணைப்பு அட்டவணையை நிரப்பியதால்தான் பில்லிங் திணறியது. கைபேசியில் பார்ப்பதற்காகப் பெட்டியை வெளி இணையத்துக்குத் திறந்துவிட்டவர், அதனுடன் வந்த கடவுச்சொல்லை மாற்றவேயில்லை. கேமரா பொருத்துபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான். திறப்பை மூடாமல் பெட்டியை அணைத்துப் போடுவதால் பயனில்லை. நினைவகத்திலிருந்து போன தீநிரல் அதே வழியில் மறுபடி நுழைந்துவிடும். எனவே திறப்பை மூடி, பெட்டியை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, கடவுச்சொல்லையும் மாற்றினேன்.

"அப்போ எங்க வாட்ஸாப்பும் உங்களுக்குத் தெரியுமா?" என்று அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. செய்தி மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் உள்ளடக்கம் தெரியாது. எந்தச் சேவையகத்தோடு, எப்போது, எவ்வளவு தரவு போனது என்பது தெரியும். அதுவே ஒருவரின் நடமாட்டத்தைச் சொல்லப் போதும் என்பதால், வேலையாட்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல் கண்காணிப்பதை நான் ஏற்பதில்லை. உரிமையாளரின் அனுமதியின்றி நெட்வொர்க்கிலிருந்து தரவை நகலெடுப்பது 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகிறது. மிரரிங் அமைப்பை நீக்கி, எடுத்த கோப்பை அவர் கண்முன்னே அழித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.