காட்டுநாய்க்கு மந்தை எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் தமிழ்க் குரலோடு ஒரு விலங்கு நிகழ்ச்சி. போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ பகுதியில் ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் இம்பாலா மான்களை விரட்டுகின்றன. பின்னணிக் குரல், “மந்தை இப்போது மந்தையை நெருங்குகிறது” என்றது. எது எதை நெருங்குகிறது என்று தெரிந்துகொள்ளத் திரையைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அரை மணி நேரத்தில் எத்தனை மந்தை! எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டேன்.

மூலத்தில் இருந்திருக்கக்கூடிய ஆங்கிலச் சொல் ‘பேக்’ (pack). மூட்டை, பொதி என்பதுதான் அதன் பழைய பொருள். கட்டிவைத்த பொதியிலிருந்து ஒன்றாகத் திரியும் ஆட்களுக்கும், பிற்பாடு வேட்டை நாய், ஓநாய்க் கூட்டங்களுக்கும் அந்தப் பெயர் போனது. ஆடுமாடுகளுக்கு ஆங்கிலக்காரர்கள் வேறு சொல் வைத்திருக்கிறார்கள். அந்த வேறுபாட்டைத்தான் நம் மொழிபெயர்ப்பாளர் தொலைத்துவிட்டார்.

சரி, மந்தை என்றால் என்ன? ஆட்டு மந்தை, மாட்டு மந்தை. ஊர் மாடுகள் காலையில் வந்து சேரும் பொட்டலுக்கும் அதே பெயர்தான். மதுரைப் பக்கத்து ஊர்களில் இன்றைக்கும் மந்தை உண்டு, மந்தையம்மன் உண்டு. சென்னையில் மந்தைவெளி இருக்கிறது. மந்தை என்றதும் நமக்கு மூன்று விஷயம் தோன்றும்: அது மேயும், அதை மேய்க்க ஒருவன் இருப்பான், முன்னே போவது எங்கே போனாலும் மற்றவை கேள்வி கேட்காமல் பின்னால் போகும். யோசிக்காமல் கூட்டத்தோடு ஓடுகிறவனை மந்தை ஆடு என்று திட்டுவது இதனால்தான்.

காட்டுநாய் இந்த மூன்றுக்கும் நேரெதிர். இறைச்சிதான் அதன் உணவு, மேய்ப்பவன் கிடையாது, கேள்வி கேட்காமல் பின்தொடர்வதும் கிடையாது. ஒகவாங்கோவில் ஐந்து கூட்டங்களைக் கவனித்து 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஓய்வெடுத்த நாய்கள் எழுந்து ஒன்றையொன்று முகர்ந்து, குழைந்து, துள்ளி ஆரவாரம் செய்யும். அதன் பிறகு வேட்டைக்குக் கிளம்பினாலும் கிளம்பும், மறுபடி படுத்தாலும் படுக்கும். எதைச் செய்யும் என்பது தும்மலைப் பொறுத்தது! தும்மல் கூடக்கூட, கிளம்பும் வாய்ப்பும் கூடுகிறது. கூட்டத்தின் தலைமை இணை, அதாவது மூத்த ஆணும் பெண்ணும், ஆரம்பித்தால் மூன்று தும்மல் போதும். கீழ்ப்படியில் இருப்பது ஆரம்பித்தால் பத்து வேண்டும். பெரியவர் வாக்குக்கு எடை அதிகம்தான், ஆனாலும் சின்னவர் சொல் எடுபடவே செய்கிறது. இதைப் போய் மந்தை என்றால்? அதே நிகழ்ச்சியில் “மந்தைத் தலைவன் கட்டளையிடுகிறான்” என்று வேறு ஒரு வரி. கட்டளையா? அங்கே நடந்தது பஞ்சாயத்து.

சாப்பாட்டு முறை இன்னும் தெளிவாகக் காட்டும். வேட்டை விழுந்ததும் வளர்ந்த நாய்கள் ஒதுங்கி நின்று குட்டிகளை முதலில் தின்ன விடுகின்றன. குட்டிகள் வளையில் இருக்கும் நாட்களில், வேட்டைக்குப் போனவை வயிற்றில் இறைச்சியோடு திரும்பி வந்து குட்டிகளுக்கும், காவலுக்கு இருந்தவற்றுக்கும், தாய்க்கும் கக்கிக் கொடுக்கின்றன. குட்டி போடுவது பெரும்பாலும் தலைமை இணை மட்டுமே. மற்றவை அந்தக் குட்டிகளுக்கு அக்கா, அண்ணன், சித்தி, சித்தப்பா முறை. ஆக, இது ஒரு குடும்பம்.

‘கும்பல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் போலீஸ் செய்தி வாடை அடிக்கிறது. கொள்ளைக் கும்பல், கடத்தல் கும்பல். ‘குழு’ என்றால் ஆய்வுக் குழு, மகளிர் சுயஉதவிக் குழு. நான் ஆசைப்பட்ட சொல் ‘கிளை’. சங்கப் பாட்டில் கிளை என்றால் சுற்றம். கிளைஞர் என்றால் உறவினர். பொருள் அவ்வளவு பொருத்தம். ஆனால் இன்று ‘காட்டுநாய்க் கிளை’ என்று எழுதினால் ஐஎஃப்எஸ்சி கோடு கேட்பார்கள். விட்டுவிட்டேன்.

மிஞ்சுவது சாதாரணமான ‘கூட்டம்’. சப்பென்று இருக்கிறது, யாரும் மெச்ச மாட்டார்கள் என்பதால்தான் மொழிபெயர்ப்பாளர்கள் தாண்டிப் போகிறார்கள் போல. கொங்குப் பக்கம் போய்க் கேளுங்கள். அங்கே கூட்டம் என்றால் ஒரு வழிவந்த பங்காளிகள்; ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள். (மனிதரை நாயோடு ஒப்பிடுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம், சொல்லைப் பற்றித்தான் பேச்சு.) காட்டுநாயிலும் உடன்பிறந்த பெண்கள் சேர்ந்து பிறந்த இடத்தை விட்டுக் கிளம்பி, வேறொரு கூட்டத்திலிருந்து பிரிந்து வந்த ஆண்களைச் சந்தித்தால்தான் பெரும்பாலும் புதுக் கூட்டம் உருவாகிறது. ரத்த உறவு, சேர்ந்து வாழ்தல், வெளியே மணவுறவு மூன்றையும் தாங்கும் சொல் கையிலேயே இருக்கிறது.

கூட்டத்துக்குள்ளும் நமக்குச் சொல் பஞ்சம் இல்லை. பெண் நாய்க்குப் பிணவு, குட்டிக்குக் குருளை என்று தொல்காப்பியம் மரபியலில் அப்போதே எழுதி வைத்திருக்கிறது. வலிமையுள்ள ஆணுக்கு ஏற்றை. ‘ஆல்பா மேல்’ என்று தமிழ் எழுத்தில் ஆங்கிலம் பேசுவதற்குத் தலைமை ஏற்றை என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். குரல் கொடுப்பவருக்கு வாயில் நுழையாது என்றால் ‘மூத்த ஆண்’ போதும், சண்டை இல்லை. பல இடத்தில் கூட்டம் என்றுகூடச் சொல்லத் தேவையில்லை. “நாய்கள் மான்களை நெருங்குகின்றன.” முடிந்தது! ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல் நிற்கிறதே என்று நாமும் ஒன்றை நட்டுவைக்க வேண்டுமா?

நிகழ்ச்சி முடியும்போது இன்னொன்றும் நடந்தது. அதுவரை காட்டுநாயாக இருந்தது திடீரென்று ‘செந்நாய்’ ஆகிவிட்டது. குறுந்தொகை ‘வேட்டச் செந்நாய்’ என்று சொல்வது நம் காட்டு விலங்கை. முதுமலையில் இன்றும் பார்க்கலாம், உடம்பு முழுக்கச் செம்பழுப்பு. ஆப்பிரிக்கக் காட்டுநாயின் உடம்பில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளும் திட்டுத்திட்டாக இருக்கும். அறிவியல் பெயரான லைக்கான் பிக்டஸில் ‘பிக்டஸ்’ என்பதற்கே வண்ணம் தீட்டியது என்றுதான் பொருள். முன்காலில் நான்கே விரல். 1820இல் டச்சு அறிஞர் டெம்மிங்க் இதைக் கழுதைப்புலி இனம் என்று நினைத்துப் பெயர் வைத்தார். 1827இல் நாய்க் குடும்பம் என்று திருத்திவிட்டார்கள். ஏழே வருஷம்.